கூடவே இருந்தும் ஏன் தெரியாமல் போகிறது? டால்பின் வயிற்றுப் புற்றுநோய் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது. பல வருடமாக நீங்கள் போய்ப் பார்த்துவந்த ஒரு டால்பின் இறந்துவிட்டது. முப்பது வயதைத் தாண்டியது. இறந்த பிறகு திறந்து பார்த்ததில் இரைப்பையில் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் கையால் மீன் ஊட்ட ஆள் இருக்கிறது, மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் அது உயிரோடு இருந்தபோது ஒருவருக்கும் எப்படித் தெரியாமல் போனது, ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். உங்கள் வரிகளுக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. யாராவது அலட்சியமாக இருந்தார்களா? முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருக்குமா? எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் என்னைப் பற்றி. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு டால்பின், கடல் சிங்கம், சீல் ஆகியவற்றோடு பல வருடம் குளக்கரையில் வேலை பார்த்தவன். இப்போது பெரும்பாலும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, பிற இடங்களிலிருந்து வரும் திசுக்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறேன். இவ்வளவு வருடத்தில் ஜீரணப் பாதையில் தொடங்கிய புற்றுநோய் என்று நான் உயிருள்ள விலங்கில் நேரடியாகக் கையாண்டவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். இது என் அனுபவக் குறைவு மட்டும் இல்லை, இந்தத் துறையின் நிலைமையே அதுதான். அதோடு, உங்கள் டால்பினின் அறிக்கையை நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த இடத்தில் யார் தவறு செய்தார்கள், செய்யவில்லை என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொதுவாக இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரைப்பையிலோ குடலிலோ இருப்பது புற்றுநோய்தான் என்று சொல்ல ஒரே வழி, அந்த இடத்துத் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். புற்றுக்கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடும் பொருள்களைத் தேட மனிதர்களுக்குப் பயன்படுத்தும் கட்டிக் குறியீட்டுப் பரிசோதனைகள் மனிதப் புரதங்களைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. டால்பின் ரத்தத்தில் அவை காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்று யாரும் நிலைநாட்டவில்லை. ஆக, "ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, சந்தேகம் ஏன் முன்னாலேயே வரவில்லை? காட்டு விலங்கு தன் நோயை மறைக்கும். நோயாளி என்று காட்டிக்கொண்டால் சுறாவுக்கு இரையாகலாம், கூட்டத்தில் தன் இடத்தை இழக்கலாம். குளத்திலேயே பிறந்து வளர்ந்ததும் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை. வயிற்றில் பெரிய புண்ணோடு ஒரு டால்பின் காலைப் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதன் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்தச் "சிரிப்பு" எலும்பும் தசையும் அமைந்த விதம், அவ்வளவுதான். வலியிலும் அது அப்படியேதான் இருக்கும்.

அதனால் முதல் பரிசோதனைக் கருவி ஆய்வகத்தில் இல்லை, மீன் வாளிதான். ஒவ்வொரு விலங்குக்கும் தனி வாளி, எடை போட்ட மீன், எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு. இதில் கிலோவை விட முக்கியமானது தின்கிற விதம். மீனை வாயில் வாங்கி முன்பற்களிலேயே வைத்துக்கொண்டு நிற்கும், பிறகு விட்டுவிடும். சின்ன மீனை விழுங்கும், பெரிய ஹெர்ரிங் மீனை மட்டும் ஒதுக்கும். விழுங்கும்போது கழுத்தை ஒரு தரம் கூடுதலாக நீட்டும். இவையெல்லாம் ஒரு நல்ல பயிற்சியாளர் கண்ணில் படும், ஆனால் பட்டதும் சொல்வதற்கு வார்த்தை கிடைக்காது. "இன்றைக்கு என்னவோ சரியில்லை" என்பார். மருத்துவரிடம் போய் அப்படிச் சொல்லக் கூச்சப்படுவார். என் அனுபவத்தில், தகவல் தொலைந்துபோகிற முதல் இடம் இதுதான்.

அந்தத் தகவல் மருத்துவர் வரைக்கும் வந்து சேர்ந்தாலும், அதற்கு வேறு பத்து விளக்கம் இருக்கும். தண்ணீர் சூடானால் பசி குறையும். பெண் டால்பின் இனச்சேர்க்கைப் பருவத்தில் இருந்தால் சாப்பாட்டில் கவனம் இருக்காது. ஆண் கடல் சிங்கத்தின் கதை இதைவிடச் சிக்கல். இனப்பெருக்கக் காலத்தில் அது கடற்கரையில் தன் இடத்தைக் காத்துக்கொண்டு வாரக்கணக்கில் சாப்பிடாமலேயே இருக்கும் இனம். குளத்திலும் அந்த மாதங்களில் வாளியைத் திரும்பிப் பார்க்காது. கோடையில் எடை குறையும் ஒரு ஆண் கடல் சிங்கத்தைப் பார்த்து "இது பருவக் கோளாறா, வயிற்றுக்குள் ஏதாவதா" என்று பிரிப்பது எளிதில்லை. வாந்தியும் அப்படித்தான். தின்ற மீனைக் கக்கி, அதை வைத்து விளையாடி, மறுபடி விழுங்குவது குளத்து டால்பின்களிடம் சாதாரணமாகவே இருக்கும் ஒரு கெட்ட பழக்கம்.

ரத்தத்துக்கு வருவோம். டால்பின்களைப் பழக்கியிருந்தால் அவை மல்லாந்து படுத்து, வால் துடுப்பை நம் மடியில் வைத்து, ஊசி போடும்வரை அசையாமல் இருக்கும். அதனால் மாதாமாதம் ரத்தம் கிடைக்கிறது. அதில் பார்ப்பது ஹீமோகுளோபின், வெள்ளையணுக்கள், ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம்), ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்), இரும்புச்சத்து, ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, ஆல்புமின் என்ற புரதம். இவற்றில் ஆல்கலைன் பாஸ்படேஸ் கொஞ்சம் வித்தியாசமானது. மனிதர்களில் அது ஏறினால்தான் கவலைப்படுவோம், டால்பின்களில் அது இறங்கினால் கவலைப்பட வேண்டும். உடல்நலம் கெட்ட டால்பினில் அந்த எண் சரிந்துகொண்டே போவது கெட்ட அறிகுறி. உள்ளே எங்கோ அழற்சி இருந்தால் இரும்பு குறையும், ஈஎஸ்ஆர் ஏறும். ஆனால் இவை எல்லாமே "ஏதோ சரியில்லை" என்று சொல்லும் எண்கள். ஆறாத புண்ணும், நுரையீரல் தொற்றும், புற்றுநோயும் ஒரே மாதிரி எண்களைத் தரலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, மக்களுக்கு இது விளங்கினால் நன்றாக இருக்கும். அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "இயல்பு அளவு இதிலிருந்து இதுவரை" என்று அச்சடித்திருக்கும். ஒரு டால்பினின் ஹீமோகுளோபின் வழக்கமாக 16 என்று வைத்துக்கொள்வோம். அது எட்டு மாதத்தில் மெல்ல மெல்ல 14க்கு வருகிறது. 14ம் இயல்பு அளவுக்குள்தான் இருக்கும், அறிக்கையில் சிவப்பு மை விழாது. ஆனால் அந்த விலங்குக்கு அது இயல்பு இல்லை. தினம் ஒரு ஸ்பூன் ரத்தம் குடலுக்குள் கசிந்துகொண்டிருந்தால் இப்படித்தான் தெரியும். அதை அதே விலங்கின் பழைய எண்களோடு வைத்துப் பார்த்தால்தான் சரிவு கண்ணில் படும். ஒவ்வொரு மாத அறிக்கையையும் தனியாகப் படித்துக் கோப்பில் சொருகும் இடத்தில் இது தப்பிவிடும்.

மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று கேட்பீர்கள். டால்பின் மலம் தண்ணீரில் புகை போலக் கரைந்து ஒரு நொடியில் போய்விடும். மெல்லிய குழாயை ஆசனவாயில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் பரிசோதனை அது தின்ற மீனின் ரத்தத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். முழு மீனையே தின்கிற விலங்கில் அந்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. இரைப்பைக்குள் குழாய் விட்டு நீர் எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். அதில் வெள்ளையணுக்களும் பூஞ்சையும் ஒட்டுண்ணி முட்டைகளும் தெரியும். ஆனால் டால்பினின் முதல் இரைப்பையின் உள்தோல் சும்மாவே தட்டைச் செல்களை உதிர்த்துக்கொண்டிருக்கும். அங்கே அந்தச் செல்கள் இருப்பதாலேயே ஒன்றும் சொல்ல முடியாது. புற்றுச் செல் உதிர்ந்து அந்த ஒரு துளி நீரில் வந்து மாட்ட வேண்டும் என்றால் அதிர்ஷ்டம் வேண்டும்.

இப்போது ஸ்கேன். அல்ட்ராசவுண்டுக்கு டால்பின் ரொம்ப ஒத்துழைக்கும் நோயாளி. தோலில் முடி இல்லை, ஜெல்கூடத் தேவையில்லை, தண்ணீரே போதும். பழக்கினால் ஓரமாகச் சாய்ந்து படுத்துக்கொடுக்கும். கல்லீரல், சிறுநீரகம், நிணநீர் முடிச்சுகள், கர்ப்பம் எல்லாவற்றையும் அழகாகப் பார்க்கலாம். ஆனால் ஒலியலை காற்றைத் தாண்டாது. குடலில் வாயு இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் வெறும் நிழல். இரைப்பையின் ஒரு பகுதி விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் கீழே ஒளிந்திருக்கும். இரைப்பைக்குள் அரைபட்ட மீன் கிடந்தால் கட்டி எது, மீன் எது என்று குழப்பும். இன்னொரு கண்ணியும் உண்டு: டால்பினின் குடலைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வில் நிணநீர் முடிச்சுகள் ஒன்றாகத் திரண்டு இயல்பாகவே ஒரு பெரிய கட்டி போல இருக்கும். புதிதாக ஸ்கேன் பிடிப்பவர் அதைப் பார்த்துப் பதறுவார். பழகியவர் "அது அப்படித்தான் இருக்கும்" என்று கடந்துபோவார். அதே இடத்தில் உண்மையாகவே லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வளரும்போது, பழகியவரும் கடந்துபோகக்கூடும்.

சிடி ஸ்கேன் நிச்சயம் அதிகம் காட்டும். சீல், சின்னக் கடல் சிங்கம் போன்றவற்றுக்கு இப்போது அதை எடுக்கிறார்கள், டால்பின்களுக்கும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வளர்ந்த டால்பின் 200 கிலோவைத் தாண்டலாம். மேசை தாங்க வேண்டும், வளையத்துக்குள் உடல் நுழைய வேண்டும், குளத்திலிருந்து தூக்கி வண்டியில் ஏற்றி, தோல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் மிதந்தே பழகிய உடல் தரையில் கிடக்கும்போது தன் எடையே அதன் நுரையீரலை அழுத்தும். நோயுற்ற விலங்குக்கு இந்தப் பயணமே ஆபத்து. "சும்மா ஒரு ஸ்கேன்" என்று ஒன்று இல்லை.

மயக்க மருந்தும் அப்படித்தான். டால்பின் மூச்சு விடுவது நம்மைப் போலத் தானாக நடப்பதில்லை, ஒவ்வொரு மூச்சையும் அது நினைத்து எடுக்கிறது. 1950களில் ஆராய்ச்சிக்காக மயக்க மருந்து கொடுத்த டால்பின்கள் மூச்சு நின்று இறந்துபோயின. 1960களில் அமெரிக்கக் கடற்படையின் டால்பின்களோடு வேலை பார்த்த சாம் ரிட்ஜ்வே போன்றவர்கள் வென்டிலேட்டர் வைத்துச் செய்யும் முறையை உருவாக்கிய பிறகுதான் அது சாத்தியமானது. இன்றைக்கு எவ்வளவோ தேறிவிட்டது, இருந்தாலும் அதைக் காரணமில்லாமல் யாரும் தொடுவதில்லை. சீல்களுக்கும் கடல் சிங்கங்களுக்கும் வேறு பிரச்சினை: முக்குளிக்கும்போது மூச்சை நிறுத்தி இதயத்தை மெதுவாக்கும் இயல்பு மயக்கத்திலும் எட்டிப்பார்க்கும். திடீரென்று மூச்சு நிற்கும், நாடி இறங்கும். அந்த நிமிடங்களை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மிச்சம் இருப்பது எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த நீளக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது. டால்பினின் உடலமைப்பு இங்கே நமக்கு ஒரு நன்மையும் ஒரு கெடுதலும் செய்கிறது. நன்மை என்னவென்றால், அதன் குரல்வளை வாத்து மூக்குப் போல மேலே நீண்டு மூச்சுத்துளைப் பாதைக்குள் போய்ச் செருகியிருக்கும். மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் தனித்தனி. வாய் வழியாகக் கருவியை விட்டால் மூச்சு தடைபடாது. அதனால் மயக்காமலேயே, வெறும் வயிற்றில், மெத்தையில் கிடத்திப் பார்க்க முடியும். கெடுதல், அதன் இரைப்பை ஒரே பை இல்லை. முதலில் செல்களால் தடித்த, வெள்ளையான, சதைப்பிடிப்பான ஒரு பை. முழு மீன் வந்து விழும் இடம் அதுதான், அங்கே அமிலம் சுரக்காது. அடுத்து அமிலமும் நொதியும் சுரக்கும் முதன்மை இரைப்பை, உள்ளே ஆழ்ந்த சிவப்பு மடிப்புகள். அதற்கப்புறம் குறுகலான இணைப்பு வழி, பிறகு கடைசி இரைப்பை, அதைத் தாண்டி இரைப்பை போலவே உப்பியிருக்கும் சிறுகுடலின் தொடக்கம்.

மனிதருக்கான சாதாரண இரைப்பை எண்டோஸ்கோப் ஒரு மீட்டர் சொச்சம்தான். பெரிய டால்பினில் அது முதல் இரைப்பையோடு கிட்டத்தட்ட நின்றுவிடும். குதிரைக்குச் செய்தது போன்ற நீளக் கருவி இருந்தால் முதன்மை இரைப்பையை நன்றாகப் பார்க்கலாம். கடைசி இரைப்பைக்குள் நுழைவது கை தேர்ந்தவருக்கும் எப்போதும் வாய்க்காது. அதற்கு அப்பால் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு குடல் சுருண்டு கிடக்கிறது. பின்பக்கமிருந்து விட்டால் கடைசிக் கொஞ்ச தூரம் தெரியும். நடுவில் இருப்பது முழுக்க இருட்டு. கடல் சிங்கத்துக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பைதான், பார்ப்பது எளிது, ஆனால் முழு மயக்கம் வேண்டும்.

டால்பின் இரைப்பைக்குள் கருவியை விட்டு வேலை பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 2006 டிசம்பரில் சீனாவின் ஃபூஷுன் நகரில் இரண்டு டால்பின்கள் குளத்தோரத்து பிளாஸ்டிக்கை விழுங்கிவிட்டன. கருவிகளால் எடுக்க முயன்றபோது இரைப்பை சுருங்கிக்கொண்டது. கடைசியில் 2.36 மீட்டர் உயரமுள்ள பாவ் ஷிஷுன் என்ற மனிதரை வரவழைத்து, ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட அவர் கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். விழுங்கிய பொருள் இருப்பது தெரிந்தே இவ்வளவு பாடு. இருக்கிறதா என்றே தெரியாத கட்டியைத் தேடுவதை எண்ணிப் பாருங்கள்.

கட்டி போன்ற ஒன்று கண்ணில் பட்டுவிட்டது என்றே வையுங்கள். எண்டோஸ்கோப் வழியாகப் போகும் கிள்ளுக்கருவி எடுப்பது அரிசி மணியை விடச் சிறிய துண்டு, அதுவும் மேல்தோலிலிருந்து. கட்டி சுவருக்குள்ளே வளர்ந்திருந்தால் மேலே எடுத்த துண்டில் வெறும் அழற்சிதான் இருக்கும். புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் செத்த திசுதான் வரும். விளிம்பிலிருந்து, ஒரே குழியில் திரும்பத் திரும்ப, குறைந்தது ஆறேழு துண்டாவது எடுக்க வேண்டும். என் மேசைக்கு ஒரே ஒரு துண்டு மட்டும் வரும்போது மனசு கனக்கும். அதில் புற்று இல்லை என்றால் "இந்தத் துண்டில் இல்லை" என்றுதான் எழுத முடியும். ஆனால் அதைப் படிப்பவர்கள் "புற்று இல்லை" என்றுதான் படிக்கிறார்கள்.

புற்றுநோய் போலவே நடிக்கும் நோய்களும் நிறைய. இரைப்பைப் புண் டால்பின்களில் சர்வசாதாரணம். மீன் வழியாக வரும் அனிசாக்கிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழுவால் வரலாம், மன அழுத்தத்தாலும் வரும் என்று நம்புகிறோம். ஃபோலிட்டர் என்ற தட்டைப்புழு இரைப்பைச் சுவருக்குள் முடிச்சு முடிச்சாக வீக்கத்தை உண்டாக்கும், பார்க்கக் கட்டியேதான். இது கடலிலிருந்து பிடித்து வந்தவற்றில்தான் பெரும்பாலும். ஆன்டிபயாடிக் தொடர்ந்து கொடுத்தால் உணவுக்குழாயில் பூஞ்சை படரும். இலை, நாணயம், பந்துத் துண்டு என்று விழுங்கிய பொருள்கள். வயதான குளத்து டால்பின்களில் சிறுநீரகக் கல்லும், கல்லீரலில் இரும்பு படிவதும் உண்டு. அவையும் பசியைக் குறைக்கும். கலிபோர்னியக் கடல் சிங்கத்தின் வயிற்றில் கட்டி தெரிந்தால் நான் முதலில் குடலை நினைக்கமாட்டேன். அந்த இனத்தில் பிறப்புறுப்புப் பாதையில் தொடங்கிப் பரவும் புற்றுநோய் வியக்கவைக்கும் அளவுக்கு அதிகம், ஒரு ஹெர்பிஸ் வைரஸோடு தொடர்புடையது. 1979க்கும் 1994க்கும் இடையில் மறுவாழ்வு மையத்தில் இறந்த வளர்ந்த விலங்குகளில் 18 சதவீதத்துக்கு அது இருந்தது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடத்துக்கு முன்னால் என் பொறுப்பில் ஒரு பெண் கடல் சிங்கம் இருந்தது, இருபது வயதைத் தாண்டியது. பசி குறைந்தது, இரண்டு முறை வாந்தியில் காப்பித்தூள் நிறத்தில் ஏதோ வந்தது. புண் என்று முடிவுகட்டி, அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் புண்ணை மூடும் மருந்தும் மீனின் செவுளுக்குள் வைத்துக் கொடுத்தேன். நான்கே நாளில் வாளி காலியாயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆறு வாரம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடி குறைந்தது, மருந்தைக் கூட்டினேன். வயதைப் பார்த்து மயக்கம் கொடுக்கப் பயந்து எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தபோது இரைப்பையின் வளைவில் விளிம்பு தடித்து உயர்ந்த ஒரு குழி. திசு அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்று, என்று சொன்னது. அதற்குள் கல்லீரலுக்குப் போயிருந்தது. மருந்துக்குக் கேட்டதாலேயே அது வெறும் புண் என்று நினைத்ததுதான் என் தவறு. புற்றின் மேல் உண்டாகும் புண்ணும் அதே மருந்துக்கு ஆறும், கொஞ்ச நாளைக்கு.

எவ்வளவு அடிக்கடி வருகிறது, ஏன் வருகிறது என்பதில் நிச்சயம் குறைவு. மனிதர் பராமரிப்பில் இருப்பவற்றில் வந்தவை பெரும்பாலும் ஒற்றை ஒற்றை நிகழ்வுகளாகத்தான் பதிவாகியிருக்கின்றன. அவற்றை வைத்து விகிதம் கணக்கிட முடியாது. நம்மிடம் இருக்கும் பெரிய ஆதாரம் காட்டு விலங்குகளிலிருந்து வருகிறது, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் வாழும் பெலுகா என்ற வெள்ளைத் திமிங்கலங்கள். 1983 முதல் 1999 வரை கரையொதுங்கிய 263 உடல்களில் 129ஐ அறுத்துப் பார்த்தார்கள். வளர்ந்தவற்றில் 27 சதவீதத்துக்கு ஏதோ ஒரு புற்றுநோய் இருந்தது. அதிலும் தனித்து நின்றது சிறுகுடலின் முன்பகுதியில் வந்த புற்று. அந்தப் பகுதியின் அலுமினிய ஆலைகள் வெளியிட்ட பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சு வேதிப்பொருள்கள் அடிமண்ணில் படிந்திருந்தன. பெலுகா அடிமண்ணைக் கிளறி இரை தேடும் விலங்கு. காரணம் அதுதான் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள், எனக்கும் அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது. ஆனால் தொடர்பு வலுவானது என்பதும் காரணம் நிரூபணமானது என்பதும் ஒன்றல்ல. அதே பெலுகாக்களின் முதல் இரைப்பையில் பாப்பிலோமா என்ற மருக்களும், அவற்றில் பாப்பிலோமா வைரஸ் போன்ற துகள்களும் காணப்பட்டன. டால்பின்களிலும் பெலுகாக்களிலும் ஹெலிகோபாக்டர் சீட்டோரம் என்ற பாக்டீரியா இரைப்பை அழற்சியோடு சேர்ந்து கிடைத்திருக்கிறது. மனிதரில் அதன் உறவுக்கார பாக்டீரியா இரைப்பைப் புற்றுக்குக் காரணம். இங்கேயும் அப்படியா என்பது இன்னும் ஊகம்தான்.

குளத்தில் வைத்திருந்ததால்தான் வந்ததா என்றும் சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். குளத்தில் வைத்திருப்பது சரியா என்ற கேள்விக்கு எனக்கென்று ஒரு கருத்து உண்டு, ஆனால் இந்த நோயை அதற்குச் சாட்சியாக நிறுத்தமாட்டேன். புற்றுநோய் வயதோடு வரும் நோய். முப்பது வயதைத் தாண்டும் விலங்குகள் எங்கே அதிகமோ, யார் இறந்த உடலைத் தவறாமல் அறுத்துப் பார்க்கிறார்களோ, அங்கே அது அதிகம் தெரியவரும்.

முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருக்குமா? வாயில் வரும் கட்டி என்றால் கைக்கு எட்டும், சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுக்க வழியுண்டு. இரைப்பை, குடல் என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரில், ஒவ்வொரு உதைப்புக்கும் வயிற்றுத் தசையை இழுக்கும் உடலில் அந்தத் தையல் பிடிப்பது மிகக் கடினம். கீமோதெரபி மருந்துகளின் அளவு இந்த இனங்களுக்கு வகுக்கப்படவில்லை, எதிர்ப்புச் சக்தி குறைந்த விலங்கைத் தொற்றிலிருந்து காப்பதும் பெரிய பாடு. ஆக, நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் பிழைத்திருக்காது. ஆனால் முன்பே தெரிந்தால் வலிக்கு மருந்து கொடுக்கலாம், எளிதாக விழுங்கும் சின்ன மீனாகக் கொடுக்கலாம், பயிற்சியை நிறுத்தலாம், எப்போது கருணைக்கொலை என்று பதறாமல் முடிவெடுக்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

அலட்சியமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் சில கேள்விகளை அவர்களிடம் கேட்கலாம். எடை எப்போதிலிருந்து குறைந்தது? ரத்த எண்களை வருடக்கணக்கில் வரைபடமாக வைத்துப் பார்த்தார்களா? எண்டோஸ்கோப்பி செய்தார்களா, செய்யவில்லை என்றால் ஏன்? இறந்த எத்தனை மணி நேரத்தில் அறுத்துப் பார்த்தார்கள்? கொழுப்புப் போர்வை உடல் சூட்டை உள்ளேயே அடைத்துவைப்பதால் இந்த விலங்குகளின் குடல் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். கெட்ட திசுவில் புற்று வகையைச் சொல்வது கடினம். வகை என்ன என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றால், அதற்குள் யாரோ இரவு பகல் பார்க்காமல் வேலை செய்திருக்கிறார்கள் என்றும் பொருள். உறையவைத்த பழைய ரத்த மாதிரிகள் இருந்தால் அவற்றைத் திரும்பப் பார்க்கப் போகிறார்களா என்றும் கேளுங்கள். நல்ல இடமென்றால் பதில் சொல்வார்கள்.

நான் அந்தக் கடல் சிங்கத்தின் கோப்பை அது போன பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் வாந்திக்கு ஏழு மாதம் முன்னால், மீன் கணக்குத் தாளின் ஓரத்தில், ஒரு பயிற்சியாளர் பென்சிலால் எழுதியிருந்தார்: "ஹெர்ரிங்கை இரண்டு தரம் வாங்கி இரண்டு தரம் விட்டது. மூன்றாவது தரம் என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது." அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது. மொத்தக் கிலோவை மட்டும் பார்த்துப் போட்ட கையெழுத்து. இப்போது எந்த இடத்திலிருந்து திசு வந்தாலும், அறிக்கை எழுதும் முன் அந்த விலங்கின் மீன் கணக்குத் தாள்களையும் அனுப்பச் சொல்கிறேன், ஓரத்தில் எழுதியது மறையாமல் நகல் எடுத்து.